நான் கொடுக்காத பேட்டரி

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். மேடையில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள், மற்றவர்கள் போனைப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் உங்கள் கடைக்கு வந்து பார்த்தேன். ரேடியோவில் ஓடும் கார், பறக்கும் விமானம், வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் என்று எல்லாவற்றின் பேட்டரியும் மேஜைமேல் வரிசையாக இருந்தது. சார்ஜர் தானே ஒவ்வொரு செல்லையும் அளக்கிறது. நிறைந்ததும் தானே நிறுத்திவிட்டுக் கூவிக் கூப்பிடுகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. இந்தச் சின்ன பேட்டரிகள் எங்கள் பக்கம் முதன்முதலாக வந்தபோது அவற்றின் வயிறு நிறைந்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று சொல்ல எங்களிடம் எந்தக் கருவியும் கிடையாது.

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். அதற்காக என் மனைவி என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. பேட்டரித் தொழிலில் இந்தப் பயம் எனக்குச் சோறு போட்டது. ஒரே ஒரு தடவை அது இன்னொருவன் வாழ்க்கைக்குக் குறுக்கே போய் நின்றது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் நாமக்கல்லில் ஒரு பேட்டரி கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி பேட்டரிதான் எங்கள் பிழைப்பு. லாரி பேட்டரி ஒளிவுமறைவு இல்லாதது. மூடியைத் திறந்தால் உள்ளே குமிழி விடும் வேகத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். அவசரக்கார டிரைவர்கள் அதுகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு முனையிலும் ஒரு வயரைத் தட்டி, பொறி எப்படிப் பறக்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஆட்களில் ஆறுமுகம் ஒருவன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். கேபின் கட்டுவதில் அவன் கைக்கு நாமக்கல்லில் ஈடு கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போது ரோட்டில் போகும் லாரியைக் காட்டி, "அது நான் கட்டுனதுங்கண்ணா" என்பான். லாரியின் நெற்றியில் அவன் முதலாளியின் பட்டறைப் பெயர்தான் எழுதியிருக்கும். அதைப் பார்க்கும்போது அவன் முகம் கொஞ்சம் மாறும். தன் பெயர் போட்ட ஒரு வண்டியாவது ரோட்டில் ஓட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. அதை அவன் மறைத்ததும் இல்லை.

அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. ராசிபுரத்தில் ஒரு லாரி முதலாளி இருந்தார். தறி வியாபாரத்திலிருந்து லாரிக்கு வந்தவர், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ரேடியோவில் ஓடும் கார் ஒன்று வாங்கி வந்து, வந்த வேகத்தில் கிணற்று மேட்டிலிருந்து உருட்டிவிட்டு நொறுக்கிவிட்டார். கார் போனாலும் அதனுள்ளே இருந்த ரேடியோ, கையில் பிடித்து ஓட்டும் பெட்டியோடு பிழைத்துக்கொண்டது. ராசிபுரத்துக்காரர் அதை ஆறுமுகத்திடம் கொடுத்து, சேலத்தில் லாரிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து சாலைப் பாதுகாப்பு விழா ஒன்று நடத்தப் போகிறோம், அதற்கு இதை வைத்து ஒரு லாரி செய்து ஓட்டிக் காட்டு என்று சொல்லியிருக்கிறார். அது எல்லோர் முன்னாலும் ஓடினால், அவர் புதிதாக எடுத்திருக்கும் சேஸிஸுக்கு ஆறுமுகமே தனியாக, தன் பெயரில், பாடி கட்டலாம். ஆறுமுகம் அன்றைக்கே பரமத்தி ரோட்டில் ஒரு ஷெட் பேசி வைத்துவிட்டான்.

அவன் செய்த லாரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேக்கும் தகரமும் சேர்த்து, ஒரு தொட்டில் நீளத்துக்கு அசல் லாரியாகவே செய்திருந்தான். கேபின் கதவு திறந்து மூடும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். சக்கரத்தைச் சுற்ற ஒரு வைப்பர் மோட்டார், அதற்கு மோட்டார் சைக்கிள் பேட்டரி. ரேடியோவுக்கு மட்டும் தனியாக நாலு செல் சேர்த்துக் கட்டிய சின்ன பேட்டரி. ரேடியோ சொன்னால் ஒரு குட்டி மோட்டார் முன்சக்கரத்தைத் திருப்பும், இன்னொன்று ஒரு கையை நகர்த்தி வைப்பர் மோட்டாரின் சுவிட்சைத் தட்டும்.

இங்கேதான் என் பயம் ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரேடியோவுக்குக் காது போய்விடும். சுவிட்சைத் தட்டும் கை எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. சிக்னல் போனால் தானாக நிற்கும் ஏற்பாடு எல்லாம் உங்கள் காலத்து வசதி. அந்த லாரியில் கையால் நிறுத்த ஒரு சுவிட்ச் இருந்தது, ஆனால் அழகு கெடக்கூடாது என்று அதை ஆறுமுகம் அடியில் வைத்திருந்தான். வண்டியைக் கவிழ்த்தால்தான் கைக்கு எட்டும்.

சின்ன பேட்டரிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் டார்ச் செல்லைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தோம். அவ்வளவு கனமான வண்டியின் சக்கரத்தைத் திருப்பும் வலு அந்தச் செல்லுக்கு இல்லை. பட்டறை வாசலில் இரண்டாவது திருப்பத்திலேயே ரேடியோ செத்துவிட்டது. லாரி நேராகப் போய், பலகை இழைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பாதத்தில் ஏறிவிட்டது. நானும் இன்னொரு ஆளும் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. ஒரு சேஸிஸின் டயரில் முட்டி நின்ற பிறகும் அதன் பின்சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தது. பெரியவருக்குக் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, பாதம் வீங்கிப்போனது. 

அந்த நாலு செல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது என் பொறுப்பு. கடையில் வரிசையாகக் கோத்து ஏற்றும் லாரி பேட்டரிகளோடு அதையும் சேர்த்தால் அந்தக் கரண்டில் வெந்துவிடும். அதனால் நிறைந்த லாரி பேட்டரி ஒன்றிலிருந்து, டாஷ்போர்டு மீட்டரில் எரியும் குட்டி பல்ப் ஒன்றை நடுவில் போட்டு, மெதுவாக ஏற்றினேன். பல்ப் கரண்டைப் பிடித்துப் பிடித்து விடும். ஏற்றுவது சுலபம்தான். ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. மூடி கிடையாது, ஆசிட் கிடையாது, குமிழி கிடையாது. மீட்டர் வைத்தால் கால் வயிற்றிலும் முழு வயிற்றிலும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். கடைசி நிமிஷம் வரை நன்றாக இருப்பதுபோலவே காட்டிவிட்டுச் சட்டென்று விழுந்துவிடும். நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முழுவதும் காலி செய்துதான் பார்க்க வேண்டும், பார்த்து முடித்தால் கையில் ஒன்றும் இருக்காது.

ஆகவே ஒரே ஒரு வழிதான் இருந்தது. முதலில் உள்ளே இருக்கும் சார்ஜைச் சுத்தமாக இறக்கிவிட வேண்டும். பிறகு எவ்வளவு நேரம் ஏறியது என்பதை நாமே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நிறையும் சமயத்தில் உள்ளங்கையில் லேசாகச் சூடு தெரியும், அது ஒரு அடையாளம். விழாவுக்கு முந்தின நாள் பேட்டரியை இறக்கி வைத்தேன். விழா அன்று கடை திறந்ததும் மாட்டினேன். மத்தியானம் கிளம்புவதற்குள் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இடையில் மோகனூர் ரோட்டில் ஒரு லாரி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். போய்ச் சரி செய்துவிட்டுத் திரும்பினேன். சின்ன பேட்டரி மேஜைமேல் இருந்த இடத்திலேயே இருந்தது, பல்ப்பும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கிளிப் கடித்துக்கொண்டிருந்தது வேறு ஒரு பேட்டரியை.  முதலாளியிடம் கேட்டேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"முட்ட லாரி ஒண்ணு வந்து நின்னுச்சு முத்து. பாலக்காடு போற வண்டி, அவசரம்னான். அந்த பேட்டரியத்தான் எடுத்துக் குடுத்தேன். உன்றத அப்பறமா வேற ஒண்ணுல மாட்டி உட்டுட்டேன்."

"எத்தன நேரம் கழண்டு கெடந்துச்சுங்க?"

"சித்த நேரந்தான்."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற லாரி வாசலில் வந்து நின்றால் மேஜைமேல் இருக்கும் எந்த பேட்டரியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீதியை மறுபடி சேர்த்துக் கட்டுவது எங்கள் கடைகளின் வழக்கம். முட்டை வெயிலில் காத்திருக்காது. லாரி பேட்டரிகளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் வராது, குழாயில் பார்த்தால் கணக்கு மறுபடி கிடைத்துவிடும். இந்தச் சின்னதற்குத்தான் போன கணக்கு திரும்பி வராது. சித்த நேரம் என்றால் ஒரு வெற்றிலை போடும் நேரமும் ஆகலாம், சாப்பிட்டுவிட்டு வரும் நேரமும் ஆகலாம். அவருக்கே ஞாபகம் இல்லை. அவர் பிறகு மாட்டிய பேட்டரியோ ஒரு செல் பழுது என்று ரிப்பேருக்கு வந்தது. பல்ப் எரிகிறதா என்று பார்க்க வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குனிய வேண்டியிருந்தது.

விழாவுக்குப் போகப் பேசிவைத்திருந்த லாரியில் மாதிரி லாரியை ஏற்றிக்கொண்டு ஆறுமுகம் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.  அவன், போகிற வழியில் அந்த லாரியின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து ஏற்றிக்கொண்டே போகலாம் என்றான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். மாதிரி லாரியைப் பின்னால் வைக்கோல்மேல் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு பேரும் கேபினில் ஏறினோம். மீட்டர் பல்ப்பைப் பல்லில் கடித்துக்கொள்ளாத குறையாக மடியில் வைத்துக்கொண்டு, சின்ன பேட்டரியை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டேன்.

மாசி மாதக் கடைசி. வெயில் நேராகக் கண்ணாடியில் இறங்கியது. பக்கத்தில் இன்ஜின் மூடி கொதித்தது. புதன்சந்தை தாண்டும்போது பேட்டரியில் சூடு தெரிந்தது. அப்பாடா என்று நினைத்தேன். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. சீட்டில் கிடந்த ஸ்பானரை எடுத்துப் பார்த்தேன், அதுவும் அதே சூடு. கதவுப் பிடியைத் தொட்டேன், அதுவும் அப்படியேதான் இருந்தது. செல் நிறைந்ததால் வந்த சூடா, வெயில் ஏற்றிய சூடா என்று எனக்குத் தெரியவில்லை. கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன். ஈரத்துண்டில் சுற்றினால் உள்ள அடையாளமும் போய்விடும். ராசிபுரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார், நான் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறுமுகம் என் முகத்தை முகத்தைப் பார்த்தான்.  கேட்டால் என்ன சொல்வேன் என்று அவனுக்கும் பயமாக இருந்திருக்கும்.

விழா நடந்தது சேலத்தில், அயோத்தியாப்பட்டணம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வளைந்த ரோடு, ஒரு குட்டி சிக்னல், ஒரு குட்டிப் பாலம். ஆறுமுகத்தின் லாரி அதில் ஓடி, சிக்னலில் நின்று, பிள்ளைகள் கடக்கும்வரை காத்திருந்து, பிறகு போக வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள்தான் முன்வரிசையில். நிழல் அங்கே மட்டும்தான் என்பதால் நெருக்கியடித்து உட்கார வைத்திருந்தார்கள். சில குழந்தைகளின் கால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி லாரி ஓடும் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் என் மனம் தீர்மானித்துவிட்டது. வாய்தான் சொல்லத் தயங்கியது. முதலில் ஒரு டீச்சரிடம் போய், பிள்ளைகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். பின்னால் எங்கே இருக்கிறது இடம், வெயிலில்தான் உட்கார வைக்க வேண்டும், காலையிலிருந்து இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தாயிற்று என்றார். அவர் சொன்னதும் உண்மை. விழாச் செயலாளரிடம் போனேன். அவருக்கு மேடையில் யார் யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்ற கவலை. எல்லாம் நல்லபடியாக நடக்கும், போங்கள் என்று தோளைத் தட்டி அனுப்பினார். முன்வரிசையில் ராசிபுரத்துக்காரர் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பந்தலுக்குப் பின்னால் லாரியை இறக்கி வைத்துக்கொண்டு ஆறுமுகம் நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான். லாரியின் நெற்றியில் பெயர்ப் பலகை வைத்திருந்தான். அதில் ஒன்றும் எழுதவில்லை. ஓடிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். நான் கயிறு ஒன்று கட்டிக்கொள்வோம் என்றேன். பின்னால் ஒரு கயிறு இருந்தால், ரேடியோ போனாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

"கவுத்துல கட்டி இழுக்கறதுக்கு ரேடியோ எதுக்குங்கண்ணா? கொளந்தைங்க இழுக்கற சப்பரம்னு சிரிப்பாங்க. அவுரு எந்திரிச்சுப் போயிருவாருங்க."

அவன் சொன்னதும் நியாயம்தான். ராசிபுரத்துக்காரர் பார்க்க வந்தது கயிறு இல்லாமல் ஓடும் லாரியை. ஆறுமுகம் கையை நீட்டினான். பேட்டரி என் கையில் இருந்தது.

"குடுங்கண்ணா."

"தெரியல ஆறுமுகம். நெறஞ்சிருக்குதா, பாதிதானான்னு எனக்குத் தெரியல."

"தெரியலீன்னா நெறஞ்சும் இருக்கலாமுங்கள்ல?"

"இருக்கலாம்."

"அப்பறம் என்னங்க?"

 பந்தல் துணியின் இடுக்கில் அந்தக் குழந்தைகளின் கால்கள் தெரிந்தன. அதைக் காட்டினேன். ஆறுமுகம் பார்த்தான். பார்த்துவிட்டு, தானே கூடவே ஓடி வருவதாகவும், கொஞ்சம் தப்பாகத் தெரிந்தாலும் மேலே விழுந்தாவது நிறுத்திவிடுவதாகவும் சொன்னான். ரேடியோப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி ஓடுவாய் என்று கேட்டேன். பட்டறையில் இரண்டு ஆள் துரத்தியும் பிடிக்க முடியாததைச் சொன்னேன். பெரியவரின் பாதத்தைச் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளையின் பாதம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே அழுகிறவன் குரல் மாதிரி கேட்டது.

அப்போது மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள். நாமக்கல் ஆறுமுகம் அவர்கள் தன் கையாலேயே செய்த ரேடியோ லாரி என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் பெயரை யாரும் அதுவரை சொன்னதில்லை. அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. என்னைவிட இரண்டு மடங்கு பலம் உள்ளவன், பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் நான் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் பிடுங்கவில்லை. நான் பேட்டரியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன். 

நாங்கள் இரண்டு பேரும் லாரியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு ரோட்டில் வைத்தோம். பிள்ளைகள் காத்திருந்தார்கள். லாரி நின்றது நின்றபடியே இருந்தது. சிறப்பு விருந்தினர் இறங்கி வந்து கேபின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். ஓடுமா என்று கேட்டார். ஓடுமுங்க, இன்னிக்கு பேட்டரி செரியில்லீங்க என்று ஆறுமுகம் சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. மைக்கில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள். ராசிபுரத்துக்காரர் எழுந்து வந்து மரத்தைத் தடவிப் பார்த்தார். "மர வேல நல்லாத்தான் இருக்குது. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெயில் தாழ்வதற்குள் ஊர் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

விழா முடிந்தது. பிள்ளைகள் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் டிரைவர் லாரியைத் திருப்பி நிறுத்தப் போயிருந்தார். ஆறுமுகம் என்னிடம் வந்து, இப்பக் குடுக்கலாமுங்களா என்று கேட்டான். நான் பொத்தானைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன்.

லாரி ஓடியது. சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே வளைந்தது, சிக்னலில் நின்றது, யாரும் கடக்காத இடத்தில் காத்திருந்தது, பாலம் ஏறி இறங்கியது. நிகழ்ச்சிக்கு ஒரு சுற்றுதான் தேவை. அது முடிந்தது. ஆறுமுகம் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று விட்டான். பிறகு இன்னொன்று. பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். சக்கரம் தொய்யவில்லை, திருப்பம் தவறவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்கு அப்போது என்ன ஆசை இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த ரேடியோ செத்துப்போக வேண்டும், லாரி கட்டுக்கடங்காமல் ஓடி மூங்கில் குவியலில் போய் முட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் இப்போது, இப்போது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நடந்தால் இரண்டு பேருமே நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம். நடக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை ஓடியது. கடைசியில் ஆறுமுகமே நிறுத்தினான். பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். அது இன்னும் தீரவில்லை.

"இது தீந்து போயிருந்தா உங்கள மன்னிச்சிருப்பனுங்கண்ணா" என்றான்.

திரும்பும்போது அவன் பின்னால் வைக்கோலில், மாதிரி லாரி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். நான் கேபினில் உட்கார்ந்திருந்தேன். ராசிபுரத்துக்காரர் சொன்ன இன்னொரு நாள் வரவில்லை. லாரி முதலாளிகளுக்கு சேஸிஸ் சும்மா நின்றால் வட்டி ஓடும், அவர் அந்த வாரமே வேறு பட்டறைக்கு விட்டுவிட்டார். ஆறுமுகம் பேசி வைத்த ஷெட்டை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடும் ரிக் லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். எங்கள் கடைப்பக்கம் அவன் பிறகு வரவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பான், நானும் தலையசைப்பேன். அவன் பெயர் எழுதிய லாரி எதையும் நான் ரோட்டில் பார்த்ததில்லை.

அப்படியானால் நீங்கள் பயந்தது வீண்தானே என்று உங்களில் ஒருவர் நிச்சயம் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். பேட்டரி நிறைந்துதான் இருந்தது. ஆனால் சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நின்றபோது எனக்கு அது தெரியாது. தெரிந்ததை வைத்துத்தான் அந்த நேரத்தில் முடிவு செய்ய முடியும், பிறகு தெரிய வந்ததை வைத்து அல்ல. இதைப் புத்தகத்தில் போடலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மறுத்தவனுக்குச் சாட்சி கிடைக்காது என்பதை அதில் சொல்ல மாட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை என்றால் அடிபட இருந்தது என்று யார் நம்புவார்கள்? நஷ்டப்பட்டவன் முகம் மட்டும் கண்ணெதிரே இருக்கும். நீங்கள் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லப் போகும் நாளில், பின்னால் யாராவது வந்து நீங்கள் செய்தது சரி என்று தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் தட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

ஆறுமுகத்துக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. அவனிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று பல தடவை கிளம்பியிருக்கிறேன். பாதி வழியில் திரும்பிவிடுவேன். மன்னிப்பு கேட்டால், இன்னொரு தடவை அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்கே அவன் வந்து அதே கையை நீட்டி, எதிரே அதே மாதிரி பிள்ளைகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால், நான் மறுபடியும் கொடுக்க மாட்டேன்.